பம்பைத் திருப்புவதற்கு முன் டாப்பெட்டைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ராசிபுரத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய டாடா 1210 லாரி, 697 எஞ்சின், இப்போது என் கையில் இருக்கிறது. செங்கல், ஜல்லி லோடு அடிக்கிறேன். போன மாதம் எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் போய் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவிச் சமமாக்கி, அதாவது ஃபேஸ் அடித்து, வால்வு சீட் வெட்டி, புதுப் பேக்கிங் போட்டு மாட்டினோம். கையோடு டீசல் பம்பையும் கழற்றி சர்வீஸ் செய்தோம். அன்றிலிருந்து காலையில் செல்ஃப் அடித்து அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது. வெள்ளைப் புகை வருகிறது, கண் எரிகிறது. மெக்கானிக் பம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். ஸ்டார்ட்டிங் பரவாயில்லை, புகையும் குறைந்தது. ஆனால் எஞ்சின் கடகடவென்று அடிக்கிறது, லோடு ஏற்றினால் மேட்டில் இழுப்பதில்லை, டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. இன்னொரு மெக்கானிக், டைமிங் கியர் ஒரு பல் தாண்டியிருக்கும், முன்பக்கக் கவரைப் பிரிக்க வேண்டும் என்கிறார். முதல் மெக்கானிக், பம்பை இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி? அடுத்த வாரம் ஓசூருக்கு ஒரு லோடு ஒத்துக்கொண்டிருக்கிறேன். போகலாமா?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு கூரான ஆணியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள். பம்ப் இப்போது எந்த இடத்தில் நிற்கிறதோ, அங்கே பம்ப் உடம்பிலும் அது உட்கார்ந்திருக்கும் பிளாஞ்சிலும் சேர்ந்தாற்போல ஒரு கீறல் போடுங்கள். முதல் முறை திருப்பும்போதே இதைச் செய்திருக்க வேண்டும். எங்கிருந்து எவ்வளவு நகர்த்தினோம் என்று தெரியாமல் திருப்பிக்கொண்டே போனால், கடைசியில் எது எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதலில் அந்த "ஒரு பல் தாண்டிய" விஷயத்தை முடித்துவிடுகிறேன், அதுதான் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கக்கூடியது. 697 என்ற பெயரிலேயே எஞ்சினின் ஜாதகம் இருக்கிறது. 6 சிலிண்டர், போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 97 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 128 மி.மீ. டெல்கோ (இன்றைய டாடா மோட்டார்ஸ்), டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியோடு 1954 முதல் 1969 வரை கூட்டாக லாரி செய்த காலத்தின் வழியில் வந்த எஞ்சின் இது. இதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் ஹெட்டில் இல்லை, கீழே பிளாக்கில் இருக்கிறது. கிராங்கில் இருந்து அதற்குப் பல்லோடு பல் கோர்த்த கியர் வழியாகத்தான் சுழற்சி போகிறது. மேலே ஹெட்டைத் தூக்கினால் கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ்ராடும் ராக்கரும் கையோடு வரும், அவ்வளவுதான். கீழே இருக்கும் கேமுக்கு ஹெட் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. செயினோ பெல்ட்டோ உள்ள எஞ்சினில் பல் தாண்டும். கியருக்குக் கியர் கோர்த்த இடத்தில் பல் உடைந்தால் ஒழிய, அல்லது யாராவது கியரைக் கழற்றி மாட்டினால் ஒழிய, அது தாண்டாது. உங்கள் கடிதத்தில் முன்பக்கக் கவரைப் பிரித்ததாக இல்லை. அப்படியானால் வால்வு டைமிங் ஹெட் வேலைக்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

மேலே கேம் உள்ள பிக்கப், ஜீப் எஞ்சின்களில் வேலை பார்த்துப் பழகியவர் இந்தச் சந்தேகத்துக்கு வருவது இயல்பு. அந்த வண்டிகளில் ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் செயினையோ பெல்ட்டையோ அவிழ்த்தே ஆகவேண்டும், திரும்ப மாட்டும்போது ஒரு பல் தவறுவது சகஜம். உங்கள் வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, அப்படியென்றால் எதெல்லாம் மாறியது? ஹெட் மாறியது, பம்ப் மாறியது. இந்த இரண்டில் எல்லோரும் பம்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் ஹெட்டில் இருந்து ஆரம்பிப்பேன்.

ஹெட் வேலையில் மூன்று காரியம் நடந்திருக்கிறது. வால்வு சீட்டை வெட்டியதால் வால்வு ஹெட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். அப்போது அதன் தண்டின் நுனி மேலே அந்த அளவு எழும்பி ராக்கரை நெருங்கும். அடுத்து, ஃபேஸ் அடித்ததால் ஹெட் அவ்வளவு மெலிந்திருக்கிறது. ராக்கர் ஷாஃப்ட் ஹெட்டோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது, புஷ்ராடின் நீளம் மட்டும் மாறவில்லை. அங்கேயும் இடைவெளி குறைகிறது. மூன்றாவது, புதுப் பேக்கிங். எஞ்சின் சூடாகி ஆறும்போது அது அமுங்கும், ஹெட் இன்னும் மயிரிழை அளவு கீழே இறங்கும். மூன்றும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. டாப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் உள்ள சந்து, குறைந்துகொண்டே போகிறது.

இந்த எஞ்சினுக்கு ஆறிய நிலையில் இன்லெட் வால்வுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. என்பதுதான் நான் வைத்துப் பழகிய அளவு. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே வையுங்கள். மொத்த இடைவெளியே இவ்வளவுதான் என்பதைக் கவனியுங்கள். ஹெட் மாட்டிய அன்று ஒருமுறை டாப்பெட் வைத்துவிட்டு, ஓட்டிச் சூடாக்கி ஆறவிட்டுத் திரும்ப ஹெட் நட்டை முறுக்காமலும் டாப்பெட்டைப் பார்க்காமலும் விட்டால், அந்த 0.20 காணாமல் போக அதிக நாள் ஆகாது. அப்புறம் வால்வு சீட்டில் முழுசாக உட்காராது. கம்ப்ரஷன் கசியும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது, காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அழுத்தம் கசிந்தால் காலைக் குளிரில் அந்தச் சூடு வராது. பற்றாத டீசல் ஆவியாகி வெள்ளைப் புகையாக வெளியே வந்து கண்ணை எரிக்கும். பம்ப் டைமிங் ரிடார்டாக, அதாவது டீசல் நேரம் தாழ்த்தி அடிப்பதாக இருந்தாலும் இதே புகை, இதே எரிச்சல்தான். புகையை மட்டும் பார்த்துவிட்டுப் பம்பில் கை வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

சங்ககிரியில் ஒரு பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டிக்குத் துணையாகப் போகும் லாரி ஒன்று, ஹெட் வேலை முடிந்து, உங்கள் வண்டி மாதிரியே வெள்ளைப் புகையோடு வந்தது. அவசரம். பம்பை ஒரு நூல் அட்வான்ஸ் செய்தோம், அதாவது டீசல் முன்கூட்டியே அடிக்கும்படி திருப்பினோம், ஸ்டார்ட் ஆனது, அனுப்பிவிட்டோம். இரண்டு வாரத்துக்குள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது, நான்காவது சிலிண்டருக்கு நடுவில் பேக்கிங் எரிந்து கறுப்புக் கோடு போட்டிருந்தது. நான்காவது எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் எலி கடித்த தேங்காய்ச் சில்லு போல ஒரு வாய். பக்கத்து சிலிண்டரின் டாப்பெட்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் ஆக மெல்லிய இலைகூட நுழையவில்லை. அந்த ஓனர் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார். நாங்கள் பம்பைத் திருப்பிய அரை மணி நேரத்தில் டாப்பெட்டைப் பார்த்திருந்தால் அது நடந்திருக்காது. இன்றைக்கும் அந்த வால்வு என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் வண்டியில் இரண்டும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பம்பை மாட்டியபோது அது கொஞ்சம் ரிடார்டாக உட்கார்ந்திருக்கும். டாப்பெட்டும் இறுகியிருக்கும். திருப்பியதும் ஸ்டார்ட்டிங் சற்று நன்றாக ஆனது அதனால்தான். ஆனால் திருப்பியது தேவைக்கு மேல் போய்விட்டது. கடகட சத்தம், மேட்டில் சோர்வு, முள் ஏறுவது மூன்றும் சேர்ந்தால் அது அட்வான்ஸ் அதிகம் என்பதன் அடையாளம். பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே நெருப்பு பிடித்து அதைக் கீழே தள்ளப் பார்க்கிறது. அந்த அடியைப் பிஸ்டனும், பேரிங்கும், நீங்கள் புதிதாகப் போட்ட பேக்கிங்கும் வாங்கிக்கொள்கின்றன. "இன்னும் கொஞ்சம் திருப்பினால்" என்பதைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி வேலை. முதல் நாள் மாலை வண்டியை நிறுத்தி, இரவு முழுக்க ஆறவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். பிறகு மூடியில்லாமலே ஸ்டார்ட் செய்து, ஒருவரை ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லி, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் பேக்கிங் பிடிக்கவில்லை, அல்லது ஹெட்டில் விரிசல் இருக்கிறது. அப்போது கீழே சொல்வது எதுவும் பலிக்காது, ஹெட்டை மறுபடி தூக்கத்தான் வேண்டும். குமிழி இல்லையென்றால் நிம்மதி. டீசல் லைனில் ஏர் இருக்கிறதா என்பதையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவை லூஸ் செய்து கை பம்பை அடித்தால் நுரையில்லாத டீசல் வர வேண்டும்.

எந்த சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. ஐட்லிங்கில் ஓடும்போது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலின் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று லூஸ் செய்து திரும்ப முறுக்குங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே தடுமாறும். தடுமாறவில்லை என்றால் அதுதான் சோம்பேறி. நட்டின் மேல் துணி போட்டுக்கொள்ளுங்கள், விரலை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, முழுக்க ஆறியபின் ராக்கர் கவரைத் திறந்து, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மேனுவலில் உள்ள வரிசையில், நடுவில் இருந்து வெளிப்பக்கமாக முறுக்குங்கள். நீளமான பைப் போட்டு "கைக்குத் தெரியும்" என்று முறுக்குகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அது முடிந்தபிறகுதான் டாப்பெட். முன்னால் வைத்தால் முறுக்கும்போது மறுபடி மாறிவிடும்.

டாப்பெட் வைக்க இரண்டு பேர் வேண்டும். கியர் நியூட்ரல், சக்கரத்துக்குக் கட்டை, எஞ்சினை அணைக்கும் ஸ்டாப் கம்பி இழுத்த நிலை. ஒருவர் எஞ்சினைச் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்ற, மற்றவர் ராக்கரைப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஒன்றும் ஆறும் ஜோடி, ஐந்தும் இரண்டும் ஜோடி, மூன்றும் நான்கும் ஜோடி. ஆறாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் ராக்கர் எழும்பி முடிக்க, இன்லெட் ராக்கர் இறங்க ஆரம்பிக்கும் ஒரு கணம் வரும். இரண்டும் தராசுத் தட்டு போல ஆடும். அங்கே நிறுத்தினால் ஒன்றாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் முழுசாக மூடியிருக்கும், அதற்கு டாப்பெட் வைக்கலாம். இரண்டாவது ஆடும்போது ஐந்துக்கு, நான்காவது ஆடும்போது மூன்றுக்கு, ஒன்றாவது ஆடும்போது ஆறுக்கு, ஐந்தாவது ஆடும்போது இரண்டுக்கு, மூன்றாவது ஆடும்போது நான்குக்கு. கேஜ் இலை உள்ளே போகும்போது லேசான பிடிப்போடு நழுவ வேண்டும், மூடிய புத்தகத்துக்குள் இருந்து ஒரு தாளை உருவுவது போல. லாக் நட்டை முறுக்கியதும் அளவு மாறும், அதனால் மறுபடி ஒரு தடவை இலையை விட்டுப் பாருங்கள். சரி செய்வதற்கு முன்பு ஒவ்வொரு டாப்பெட்டும் எவ்வளவு இருந்தது என்று ஒரு அட்டையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சோம்பேறி சிலிண்டருக்கு நேராக இலை நுழையவில்லை என்று எழுதியிருந்தால் வெள்ளைப் புகைக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கவரைத் திறந்து வைத்திருக்கும் இதே நேரத்தில், இரண்டாவது மெக்கானிக் கேட்ட கேள்விக்கும் செலவில்லாமல் பதில் கண்டுபிடிக்கலாம். ஃப்ளைவீல் ஹவுசிங்கில் உள்ள சிறு ஜன்னல் வழியாகப் பார்த்து பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டி.டி.சி. குறியை முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். குறி கறுத்துப்போயிருந்தால் சாக்பீஸால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கம்ப்ரஷனில் இருக்கும்போது ஆறாவதின் ராக்கர்கள் அந்தக் குறியில் ஆட வேண்டும். குறியில் இருந்து ஒரு நூல் முன்னால் போனால் இன்லெட் இறங்க வேண்டும், ஒரு நூல் பின்னால் வந்தால் எக்ஸாஸ்ட் இறங்க வேண்டும். அப்படி இருந்தால் கேம் கியர் அதன் இடத்தில்தான் இருக்கிறது, முன்பக்கக் கவரைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆட்டம் குறியை விட்டு வெகுதூரம் தள்ளி நடந்தால் மட்டும் அவர் பேச்சைக் கேளுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகே பம்ப். காதால் கேட்டு வைக்க வேண்டாம், ஸ்பில் பார்த்து, அதாவது பம்பில் டீசல் வழிவது எங்கே நிற்கிறது என்று பார்த்து வையுங்கள். பம்பில் டிரைவ் பக்கம் இருக்கும் முதல் எலிமெண்டின் (ஒரு சிலிண்டருக்கு டீசல் தள்ளும் பகுதி) பைப்பைக் கழற்றி, டெலிவரி வால்வு ஹோல்டரைத் திறந்து, உள்ளிருக்கும் ஸ்பிரிங்கையும் டெலிவரி வால்வையும் மட்டும் வெளியே எடுத்து, டீசல் ஊற்றிய சுத்தமான கிண்ணத்தில் போடுங்கள். ஹோல்டரைத் திரும்ப மாட்டி அதன் மேல் அன்னக்கழுத்துபோல் வளைந்த சின்னப் பைப்பை வையுங்கள். ஸ்டாப் கம்பியை விட்டுவிட்டு ஆக்சிலேட்டர் லீவரை முழுசாக இழுத்துக் கட்டுங்கள். பலர் இதை மறந்துவிடுவார்கள். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் கம்பி ஸ்டாப்பில் இருந்தால் ஸ்பில் நிற்கவே நிற்காது, பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வருவதற்குக் கால் சுற்று முன்பிருந்து ஆரம்பியுங்கள். கை பம்பை அடித்தால் வளைந்த பைப்பில் டீசல் தாரையாக வரும். எஞ்சினை மெல்ல மெல்ல முன்னால் நகர்த்துங்கள். தாரை மெலியும், நூலாகும், சொட்டாகும். சொட்டும் நின்றுபோகும் இடத்தில் டீசலைத் தள்ளும் பிளஞ்சர், டீசல் வரும் துளையான போர்ட்டை மூடிவிட்டது என்று அர்த்தம். அங்கே ஃப்ளைவீல் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படியுங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் சுற்றி நிறுத்தக் கூடாது. கால் சுற்று பின்னால் போய்த் திரும்ப முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் கியர் இடைவெளி உங்களை ஏமாற்றும். மேனுவலில் சொன்ன டிகிரிக்கு முன்பே சொட்டு நின்றால் அட்வான்ஸ், பின்பு நின்றால் ரிடார்டு. பம்ப் உடம்பை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும், அதே திசையில் திருப்பினால் குறையும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் பம்ப் ஒரு சுற்று. ஆகவே பம்பில் ஒரு டிகிரி திருப்பினால் எஞ்சினில் இரண்டு டிகிரி. முதல் மெக்கானிக்கின் "கொஞ்சம்" எவ்வளவு பெரியது என்று அப்போது தெரியும்.

பம்ப் போல்ட் நகரும் நீள ஓட்டையான ஸ்லாட்டின் கடைசி வரை திருப்பியும் டிகிரி வரவில்லை என்றால், பம்பை மாட்டும்போது பம்ப் கியர் ஒரு பல் மாறிக் கோர்த்திருக்கிறது. கியரில் 60 பல் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பல்லுக்கு எஞ்சினில் 12 டிகிரி. ஸ்லாட்டால் அதை ஈடுகட்ட முடியாது, பம்பை வெளியே எடுத்துக் குறிக்குக் குறி பார்த்து மாட்ட வேண்டும். "ஒரு பல்" என்ற பேச்சு உண்மையாகக்கூடிய ஒரே இடம் இதுதான்.

நாசிலையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஹெட் ஃபேஸ் அடித்த அளவுக்கு நாசில் முனை கீழே துருத்திக்கொண்டிருக்கும், அதற்கேற்ற கனத்தில் செம்பு வாஷர் போட வேண்டும். சிலர் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய வாஷரைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். ஹெட்டை ஃபேஸ் அடித்ததால் கம்ப்ரஷன் ஏறிவிட்டது, அதனால்தான் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எரியும் குழி பிஸ்டனில் இருக்கிறது, ஹெட்டின் அடிப்பக்கம் தட்டை. ஃபேஸ் அடிப்பதால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது, பேக்கிங் கனம் மாறினால்தான் மாறும். வால்வு மட்டும் பிஸ்டனுக்குக் கிட்டே வந்திருக்கலாம். அதிகமாக ஃபேஸ் எடுத்திருந்தால் டிக் டிக் என்று தனிச் சத்தம் வரும், அப்போது உடனே நிறுத்துங்கள்.

அதுவரை காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் ஃபில்டர் வாயில் துணி கொளுத்திக் காட்டுவதையும் ஸ்ப்ரே அடிப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஓசூர் லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடுங்கள். சேலம் தாண்டி தொப்பூர் மேட்டில் லோடோடு ஏறும்போது இப்போதிருக்கும் அட்வான்ஸில் அந்தப் பேக்கிங் தாங்காது. மேலே சொன்ன வேலை இரண்டு நாளில் முடியும். முடிந்ததும் முதல் நாள் காலியாக நாமக்கல் வரை போய்வந்து, ஆறவிட்டு, ஹெட் நட்டையும் டாப்பெட்டையும் மறுபடி பாருங்கள். அடுத்த 500 கிலோமீட்டர் பாதி லோடு மட்டும். அதன் பிறகு இன்னும் ஒருமுறை டாப்பெட் பார்த்து, இடைவெளி மாறாமல் நின்றால் முழு லோடு ஏற்றலாம். அப்போதும் மேட்டில் இழுவை வரவில்லை என்றால், டாப்பெட் அளவுகள் எழுதிய அட்டையையும் ஸ்பில் நின்ற டிகிரியையும் குறித்து எனக்கு எழுதுங்கள். அடுத்து பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஆறு எலிமெண்டும் 60 டிகிரிக்கு ஒன்றாக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.